மான் வேட்டைக்குக் கைக்கு அடக்கமான போல்ட் ரைஃபிள்: குறைந்த விலையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியின் சுருக்கம் இது. டெக்ஸாஸில் வசிக்கும் குடும்பம். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள மனைவியும் 14 வயது மகனும் ஒரே ரைஃபிளைப் பகிர்ந்து கொள்ளப் போகிறார்கள். வேட்டை வெள்ளைவால் மான், தூரம் 200 கெஜத்துக்குள். ஸ்கோப், தோட்டா எல்லாம் சேர்த்து 900 டாலருக்குள் முடிய வேண்டும். "18 அங்குலக் குழல் உள்ள மாடலாகப் பார்த்து எடுத்தால் போதுமா?"

போதாது. கடைக்காரர்கள் 'காம்பாக்ட்' என்று காட்டும் ரைஃபிள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குழலை மட்டும் குறைத்திருப்பார்கள், குழலைத் தாங்கித் தோளில் ஊன்றும் கட்டை பெரிய ஆளின் அளவிலேயே இருக்கும். மற்றதில் கட்டையும் குட்டையாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. குழல் நான்கு அங்குலம் நீண்டிருந்தால் புதரில் கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான். கட்டை ஓர் அங்குலம் நீண்டிருந்தால் குறி தவறும், தோள் வலிக்கும், அடுத்த முறை சுடவே பயம் வரும்.

ட்ரிகரிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம்தான் முதலில் பார்க்க வேண்டிய அளவு. சாதாரண ரைஃபிளில் இது 13.5 முதல் 13.75 அங்குலம் வரை இருக்கும். ஐந்தடி முதல் ஐந்தடி நான்கு அங்குலம் வரை உயரமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 12.5 அங்குலம் சரிவரும். வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். முழங்கையை 90 பாகைக்கு மடக்கி, முழங்கை மடிப்பின் உள்பக்கத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுச் சதை வரை டேப் பிடியுங்கள். அது தோராயமான அளவு. கடையில் வேறு விதமாகச் சரிபார்க்க வேண்டும். தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தொட்டுப் பார்த்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் பதிக்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு நிழல் விழுந்து, கழுத்தை முன்னால் நீட்டினால்தான் அது போகிறது என்றால் கட்டை நீளம். பிடியிலுள்ள கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டை மிகவும் குட்டை. இதையெல்லாம் வேட்டைக்கு உடுத்தும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே செய்யுங்கள். நவம்பர் விடியற்காலையில் அந்த ஜாக்கெட் மட்டுமே அரை அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும்.

நீளமான கட்டையால் நடப்பது இதுதான்: பின்முனை தோள் குழியில் உட்காராமல் மேற்கையின் சதை மீது நழுவும். உதை முழுவதும் அங்கே இறங்கும். முன்கை அதிகமாக நீள்வதால் ரைஃபிளின் மூக்கு கனத்துத் தொங்கும். பையன் அதைச் சமாளிக்க இடுப்பைப் பின்னால் சாய்ப்பான். பெண்களும் சிறுவர்களும் 'ரைஃபிள் ரொம்ப உதைக்குது' என்று சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் குற்றம் தோட்டாவில் இல்லை, கட்டையில் இருக்கிறது.

மகனுக்கு 14 வயது என்பதால் ஒரு வருடத்தில் மூன்று அங்குலம் வளர்ந்துவிடலாம். ஆகவே இடையில் தகடு சேர்த்து நீளத்தை மாற்றக்கூடிய கட்டை இருந்தால் பணம் வீணாகாது. மாஸ்பர்க் பேட்ரியட் வரிசையில் 'யூத் சூப்பர் பேண்டம்' என்ற மாடலில் தகட்டைக் கழற்றினால் 12 அங்குலம், போட்டால் 13. குழல் 20 அங்குலம். ட்ரிகரின் கனத்தை 2 முதல் 7 பவுண்டு வரை நாமே திருகி அமைக்கலாம். ரூகர் அமெரிக்கனின் இரண்டாம் தலைமுறை 2023 டிசம்பரில் வந்தது. அதில் நீளம் 12 முதல் 13.75 வரை மாறும், கன்னம் பதியும் மேட்டையும் கழற்றி மாற்றலாம். இதே ரூகரின் முதல் தலைமுறை காம்பாக்ட்டில் 18 அங்குலக் குழல், 12.5 அங்குலக் கட்டை, எடை சுமார் 6 பவுண்டு. ஆனால் அந்தக் கட்டையின் நீளம் நிலையானது, பையன் வளர்ந்தால் கட்டையையே மாற்ற வேண்டும். சாவேஜ் ஆக்ஸிஸ் காம்பாக்ட்டும் இந்த விலை வட்டத்தில் வருவதுதான், குழல் 20 அங்குலம். அதில் 'ஆக்யூ ட்ரிகர்' என்ற, கனத்தைக் குறைத்து அமைக்கக்கூடிய ட்ரிகர் பொருத்திய வகையை மட்டும் வாங்குங்கள். அது இல்லாத பழைய ஆக்ஸிஸின் ட்ரிகர் கனமாகவும் இழுவையாகவும் இருக்கும். சின்ன விரலால் அதை இழுக்கும்போது ரைஃபிளே அசையும்.

பேட்ரியட், ஆக்ஸிஸ், பழைய ரூகர் ஆகிய மூன்றும் கடையைப் பொறுத்து ஏறத்தாழ 350 முதல் 500 டாலருக்குள் கிடைக்கும். இரண்டாம் தலைமுறை ரூகருக்கு இன்னும் நூறு, நூற்றைம்பது கூடும். உங்கள் நிலைமையில் பேட்ரியட் யூத் மாடலே பொருத்தம் என்பது என் முடிவு. பட்ஜெட் இளகினால் இரண்டாம் தலைமுறை ரூகர். மனைவியை விட மகன் உயரமாகப் போவது உறுதி. அப்போது 13.75 வரை போகும் கட்டை இருவருக்கும் உதவும்.

இப்போது தோட்டா. எடை குறைந்த ரைஃபிளில் உதை கூடும், இது கணக்கு. ஸ்கோப்போடு சேர்த்து 7 பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் 100 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டுள்ள .243 வின்செஸ்டர் என்ற தோட்டா சுமார் 11 அடி-பவுண்டு உதைக்கும். 140 கிரெய்ன் 7 எம்எம்-08 ரெமிங்டன் சுமார் 16. 150 கிரெய்ன் .308 வின்செஸ்டர் 18-ஐத் தாண்டும். பழகாதவர்களுக்கு 15-க்கு மேல் போனால் கண் சிமிட்டும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். இந்த மூன்றும் ஒரே குடும்பம்: .308 தோட்டா உறையின் கழுத்தைச் சுருக்கி உருவானவைதான் 1955-இல் வந்த .243-உம் 1980-இல் வந்த 7 எம்எம்-08-உம். எனவே எல்லாமே, தோட்டாவை ஏற்றி இறக்கும் இயங்குபகுதியான குட்டை ஆக்‌ஷனில் பொருந்தும்.

மான் மட்டும்தான், 200 கெஜத்துக்குள்தான் என்றால் .243 போதும். ஆனால் குண்டைப் பார்த்து வாங்க வேண்டும். 55, 58 கிரெய்ன் குண்டுகள் நரி, மர்மோட் போன்ற சிறு பிராணிகளுக்கானவை. மானின் தோள் எலும்பில் பட்டதும் மேலாகவே சிதறி, உயிருள்ள மானைக் காயத்தோடு ஓட விட்டுவிடும். 95 அல்லது 100 கிரெய்ன் மான் குண்டு, அல்லது 80, 85 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டு எடுங்கள். .243-இல் பிழைக்கு இடம் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். குண்டு சற்றுப் பின்னால் போய் வயிற்றில் விழுந்தால் இரத்தத் தடம் மெல்லியதாக இருக்கும், தேடுவது கடினம். காட்டுப்பன்றியும் சுடும் எண்ணம் இருந்தால், பிற்காலத்தில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குக் கொலராடோ போகும் ஆசை இருந்தால், 7 எம்எம்-08 எடுத்துவிடுவது நல்லது. முதல் வருடம் அதில் 120 கிரெய்ன் குண்டுள்ள, மருந்து குறைத்த தோட்டாவைப் போடலாம். ஹார்னடியின் 'கஸ்டம் லைட்' அப்படிப்பட்டது. உதை ஏறக்குறைய .243 அளவுக்கு இறங்கிவிடும், மானுக்கு அது போதும். குறை ஒன்றுதான்: சிறிய ஊர்க் கடைகளில் 7 எம்எம்-08 தோட்டா எப்போதும் இருக்காது, விலையும் கூடுதல். எங்கும் கிடைக்க வேண்டும் என்றால் 6.5 கிரீட்மூர். 2007-இல் வந்தது, உதை .243-க்கும் .308-க்கும் நடுவில்.

இன்னும் சிறிய தோட்டாவான .223 பற்றிப் பலரும் கேட்பார்கள். டெக்ஸாஸில் மானுக்கு, அடிப்பக்க விளிம்பில் அடித்து வெடிக்கும் ரிம்ஃபயர் தோட்டாக்களுக்குத்தான் தடை. .223 சட்டப்படி செல்லும். ஆனால் முதல் வேட்டைக்குப் போகும் பையனிடம் அதைக் கொடுப்பது, மிக நன்றாகச் சுடத் தெரிந்தவர் மட்டுமே பயன்படுத்த வேண்டிய கருவியை நேற்றுக் கற்றவனிடம் கொடுப்பது போன்றது. கொலராடோவில் பெரு விலங்குகளுக்குக் குறைந்தது .24 காலிபர் (குண்டின் விட்டம், அங்குலத்தில்) வேண்டும், மானுக்குக் குண்டு 70 கிரெய்ன், எல்க்குக்கு 85 கிரெய்ன், 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல், குழல் 16 அங்குலம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். மாநிலம் மாறினால் சட்டம் மாறும். சில மாநிலங்களில் கழுத்து சுருங்காத நேர்ச்சுவர்த் தோட்டா மட்டுமே செல்லும். அங்கே 2019-இல் வந்த .350 லெஜெண்ட் பொருத்தமான சிறு உதைத் தோட்டா.

குழல் நீளத்துக்கு வருவோம். ஓர் அங்குலம் குறைந்தால் இந்தத் தோட்டாக்களில் நொடிக்குச் சுமார் 20 முதல் 30 அடி வேகம் போகும். 22-க்குப் பதில் 18 அங்குலம் என்றால் இழப்பு 100 அடி அளவில். 200 கெஜத்தில் மானுக்கு அது தெரியாது. ஆனால் காதுக்குத் தெரியும். குட்டைக் குழலின் வெடிச்சத்தமும் தீப்பிழம்பும் சுடுபவரின் முகத்துக்கு அருகில் வருகின்றன. டெக்ஸாஸில் வழக்கமான பெட்டி மறைவுக்குள் (ஜன்னல் வைத்த, பெட்டி போன்ற மறைவிடம்) உட்கார்ந்து, குழல்வாய் ஜன்னலுக்கு உள்ளேயே இருக்கும்படி சுட்டால் ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். எப்போதும் குழல்வாய் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதை மூடும் மஃப், இரண்டும் போடுங்கள். சைலன்ஸர் மாட்டும் திட்டம் உண்டென்றால் மட்டும் 16, 18 அங்குலக் குழலுக்கு உண்மையான பயன் இருக்கிறது, ஏனென்றால் அது இன்னும் ஆறேழு அங்குலத்தைக் கூட்டிவிடும். இல்லையென்றால் 20 அங்குலம்தான் நடுநிலை.

மிகக் குறைந்த எடையைத் துரத்தாதீர்கள். விளம்பரத்தில் 5.5 பவுண்டு என்றிருப்பது தூக்கிப்போக இன்பம், சுடத் துன்பம். பெட்டி மறைவுக்கு வண்டியில் போய் இறங்குபவருக்கு அரைப் பவுண்டு ஒரு பொருட்டல்ல.

விலை குறைந்த ரைஃபிள்களின் பலவீனம் குழலில் இல்லை. இன்று 400 டாலர் ரைஃபிளின் குழல் 100 கெஜத்தில் ஒன்று, ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் மூன்று குண்டு போடும். பலவீனம் பிளாஸ்டிக் கட்டையிலும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலும் இருக்கிறது. கட்டையின் முன்பாகம் மெலிந்தது, வளையும். ஒரு டாலர் நோட்டை எடுத்துக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகி ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். பிறகு முன்பாகத்தைச் சுடும் மேசை மேல் ஊன்றி அழுத்திக்கொண்டு மறுபடி இழுங்கள். இப்போது நோட்டு சிக்கினால், கட்டை குழலைத் தொடுகிறது. வேட்டையில் ஜன்னல் சட்டத்தில் ஊன்றும்போது குறி ஓர் ஓரமாக நகரும், காரணம் புரியாமல் ஸ்கோப்பைத் திட்டுவீர்கள். ஆக்‌ஷனைக் கழற்றி, உருளையான மரத்துண்டில் 80-ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றி, தொடும் இடத்தை மட்டும் தேய்த்தால் சரியாகிவிடும். திரும்ப முறுக்கும்போது ஆக்‌ஷன் திருகுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கே முறுக்க வேண்டும். கைவலிமையை நம்பக்கூடாது.

மேகசினை நாற்பது முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். கொக்கி தளர்ந்தாலோ, குலுக்கும்போது ஆடினாலோ வேறொன்றைக் கேளுங்கள். கூடவே இன்னொரு மேகசின் வாங்கி வையுங்கள். காட்டில் அது தொலைந்தால் உங்களிடம் இருப்பது ஒற்றைத் தோட்டா ரைஃபிள். இரண்டாம் தலைமுறை ரூகரில் தோட்டாவைப் பொறுத்து மேகசின் வகையும் மாறுவதால், கடையில் உபரி மேகசின் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி எப்படி வேலை செய்கிறது என்பது சிறுவர் கையில் முக்கியம். முதல் தலைமுறை ரூகரில் சேஃப்டி போட்டிருக்கும்போதே, அறையை மூடித் திறக்கும் கைப்பிடியுள்ள போல்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம். அது நல்லது. ஆனால் புதரில் உரசி போல்ட் தானாகத் தூக்கிக்கொள்ளவும் கூடும். இரண்டாம் தலைமுறையில் மூன்று நிலைகள்: கடைசி நிலையில் போல்டும் பூட்டிக்கொள்ளும்.

போல்டை இயக்குவதில் சின்னக் கைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதல் வெடிக்குப் பின் அவசரத்தில் போல்டை முழுதும் பின்னால் இழுக்காமல், பாதியில் நிறுத்தி முன்னால் தள்ளுவார்கள். காலி உறை வெளியே விழும், ஆனால் போல்ட் முகம் மேகசினிலுள்ள அடுத்த தோட்டாவைத் தாண்டிப் போயிருக்காது. அறை காலியாகவே மூடும். மான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும், ட்ரிகரை இழுத்தால் 'டிக்' என்று மட்டும் கேட்கும். இதற்கு மருந்து பயிற்சிதான். மருந்தில்லாத டம்மி தோட்டா நான்கு வாங்கி, ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்காமலே இயக்கப் பழக்குங்கள். போல்டின் தூக்கு, அதாவது திறக்கக் கைப்பிடியை உயர்த்தும் கோணம், 70 பாகை என்றால் விரல் முட்டி ஸ்கோப்பில் இடிக்காது. 90 பாகைத் தூக்கு உள்ளதில், பெரிய கண்ணாடியுள்ள ஸ்கோப்பைத் தாழ்வாக மாட்டினால் இடிக்கும்.

ஸ்கோப்புக்கு 2-7x33 அல்லது 3-9x40 (முதல் எண்கள் உருப்பெருக்கம், கடைசி எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில்) போதும், 150 முதல் 200 டாலர். காம்பாக்ட் கட்டையில் ஒரு சிக்கலைப் பலரும் யோசிப்பதில்லை. கட்டை குட்டையானால் கண் ஸ்கோப்புக்கு நெருங்கும். எனவே ஸ்கோப்பை இன்னும் முன்னால் தள்ளி மாட்ட வேண்டும். குழாய்ப் பகுதி குட்டையான ஸ்கோப் என்றால் அதைப் பிடிக்கும் வளையம் தடுத்துவிடும், தள்ள இடம் இருக்காது. முதல் வெடியிலேயே புருவத்தில் அரைவட்டக் காயம். கண் இடைவெளி (கண்ணுக்கும் ஸ்கோப்பின் பின்கண்ணாடிக்கும் இடையே வேண்டிய தூரம்) 3.5 அங்குலத்துக்குக் குறையாத ஸ்கோப்பும், வளையங்களை மாட்டும் நீண்ட ஒற்றை ரெயிலும் இதற்குத் தீர்வு. பெட்டியிலேயே ஸ்கோப் மாட்டி வரும் காம்போவை வாங்கினால், தொழிற்சாலையில் மாட்டியதை நம்ப வேண்டாம். முழுதும் கழற்றி, திருகுகளின் எண்ணெயைத் துடைத்து, ரெயில் திருகுகளுக்கு திருகு தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை ஒரு துளி விட்டு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் 15 முதல் 20 அங்குல-பவுண்டுக்கு முறுக்குங்கள். வளையத் தொப்பித் திருகுகளுக்கும் அதே அளவு, லாக்டைட் இல்லாமல். 'ரைஃபிள் சரியில்லை' என்று திரும்பி வருபவற்றில் பெரும்பான்மை தளர்ந்த திருகுகள்தான்.

ஜீரோ செய்யும்போது, அதாவது குறிக்கும் குண்டு படும் இடத்துக்கும் பொருந்தும்படி ஸ்கோப்பைத் திருத்தும்போது, முதலில் 25 கெஜத்தில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் கோணக் கணக்கில் கால் நிமிடம் நகர்த்தும் ஸ்கோப்பில் அந்தத் தூரத்தில் ஓர் அங்குலம் நகர 16 கிளிக், 100 கெஜத்தில் 4. தாளில் விழ ஆரம்பித்ததும் 100 கெஜத்துக்குப் போய், ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே படும்படி அமையுங்கள். .243-உம் 7 எம்எம்-08-உம் அப்போது 200 கெஜத்தை ஒட்டிச் சரியாக விழும், நடுவில் எங்கும் குறியை உயர்த்தி வைக்கத் தேவையில்லை. மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறிக் குண்டுகளைச் சிதறடிக்கும். மூன்று சுட்டதும் போல்டைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். ஜீரோ முடிந்ததும் மேசையை விட்டுவிட வேண்டும். ஆறங்குலக் காகிதத் தட்டை மாட்டி, உட்கார்ந்து, ஊன்றுகோலில் வைத்துச் சுடச் சொல்லுங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் தூரம் எதுவோ, அதுவே அவர்களுடைய வேட்டைத் தூரம். அது 90 கெஜம் என்றால் 90 கெஜம்தான்.

மகனுடைய எந்தக் கண் வலுவானது என்பதையும் வாங்கும் முன்பே சோதியுங்கள். இரு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன முக்கோண ஓட்டை விட்டு, தூரத்துப் பொருளை அதன் வழியே பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரிந்துவிடும். இடக்கண் என்றால் இடது தோளில் பழகுவது நல்லது. ஆனால் இடக்கை போல்ட் உள்ள காம்பாக்ட் மாடல்கள் மிகக் குறைவு, தேட வேண்டியிருக்கும்.

பழைய ரைஃபிள் வாங்க நினைத்தால் ரெமிங்டன் மாடல் செவன் கண்ணில் படும். 1983-இல் வந்த உண்மையான குட்டை ரைஃபிள். ஆனால் 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை 'எக்ஸ்-மார்க் ப்ரோ' ட்ரிகரோடு செய்யப்பட்டவை, ட்ரிகரை இழுக்காமலே வெடிக்கக்கூடும் என்று 2014-இல் திரும்ப அழைக்கப்பட்டன. சரிசெய்ததற்கான சான்று இல்லாமல் வாங்க வேண்டாம். மற்றபடி குழல்வாயின் விளிம்பில் கீறல் உண்டா, கட்டைக்கு அடியில் துரு உண்டா, திருகுத் தலைகள் சிதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சிதைந்த திருகுத் தலை, அரைகுறைக் கை உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

சட்டத்தில் உங்களுக்குத் தேவையானவை சில. 18 வயதுக்குட்பட்டவருக்கு உரிமம் பெற்ற கடை ரைஃபிள் விற்காது, பெற்றோர் வாங்க வேண்டும். டெக்ஸாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்று தேவை. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் பெடரல் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பதுதான் வழக்கமான விதிவிலக்கு. டெக்ஸாஸ் உரிமம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. ரைஃபிள் வீட்டில் இருக்கும்போது உரிமம் காலாவதியாக விடாதீர்கள். உங்கள் விசா நிலை இதுவென்றால் வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருப்பதால், அங்கிருந்து படிப்பவர்களுக்கு இது வெறும் தகவல்தான்.

பணத்தைப் பிரிப்பது இப்படி இருக்கட்டும்: ரைஃபிள் 420, ஸ்கோப் 180, ரெயிலும் வளையங்களும் 60, மீதி 240-இல் ஐந்து பெட்டி தோட்டா, டம்மி தோட்டாக்கள், இரண்டு பேருக்குக் காது மஃப். நூறு தோட்டாவில் அறுபதை அக்டோபருக்குள் தட்டில் சுட்டுத் தீர்க்க வேண்டும், நாற்பதை வேட்டைக்கு வைக்கலாம். ஒரே பெட்டியில் ஜீரோ செய்து மீதியை வேட்டைக்கு எடுத்துப் போகிறவர்கள்தான் காயப்பட்ட மானை இருட்டில் டார்ச் அடித்துத் தேடுகிறார்கள்.